அபிப்பிராய பங்களாவில் ஒரு கார்னெட்

கோபாலபுரத்தில் அந்த பங்களாவின் வாசலில் தொங்கிய பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஒரு மனிதனுக்குப் பசி எடுத்துவிடும். ‘சமஸ்தானப் பிரஜைகளின் அரசியல் அபிப்பிராய அடைக்கல மனுப் பரிசீலனைக் கமிட்டி’ என்று இரண்டு பாஷைகளில் எழுதி, அடியில் ‘இங்கே வெற்றிலை துப்பாதீர்’ என்றும் போட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய பெயரைச் சொன்னால் வாய் வலிக்கும் என்று தெருக்காரர்கள் அதை ‘அபிப்பிராய பங்களா’ என்று சுருக்கிவிட்டார்கள்.

அது 1947-ஆம் வருஷத்து ஆடி மாதம். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அவன் போன பிறகு தங்கள் சமஸ்தானம் தனி நாடாகிவிடும் என்று செங்காட்டூர் திவான் அறிவித்திருந்தார். செங்காட்டூர் எவ்வளவு பெரிய நாடு என்றால், காலையில் மாட்டுவண்டியில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மறு எல்லைக்குப் போய்விடலாம். ஆனாலும் லண்டனுக்குத் தூதர் அனுப்புவதாக இருந்தார்கள். இதற்கு முகம் சுளித்தவர்கள் எல்லாம் முதுகைத் தடவிக்கொண்டு சென்னைக்கு ஓடிவந்தார்கள். அப்படி வந்தவர்களில் யார் நிஜமாகவே அபிப்பிராயம் உள்ளவர், யார் வெறுமனே உதைபட்டவர் என்று பிரித்தெடுக்கத்தான் கமிட்டி.

கரீமுல்லாவுக்கு நாற்பது வயதுக்கு மேல். செங்காட்டூர் ராஜாவின் பாண்டில் கார்னெட் என்கிற சின்ன எக்காளத்தை ஊதியவர். அரசியல் என்றால் அது படித்தவர்கள் சமாசாரம் என்று சும்மா இருந்த மனிதர். அவருக்கு வந்த வினை ஒரு மெட்டால் வந்தது.

அந்த மெட்டுக்குச் சலாம் மெட்டு என்று பெயர். எந்தக் காலத்திலோ ஒரு பட்டாளத்து பாண்டு மாஸ்டர் போட்டுக் கொடுத்தது. சென்னை ராஜதானி முழுவதும் கலெக்டர் வந்தாலும் சரி, கவர்னர் வந்தாலும் சரி, இதைத்தான் ஊதுவார்கள். முதல் சுரம் கேட்டதும் எல்லாரும் எழுந்து விறைத்து நிற்க வேண்டும். கடைசிச் சுரம் கேட்ட பிறகுதான் உட்காரலாம். அந்தக் கடைசிச் சுரம் கார்னெட்டுக்கு மட்டுமே உரியது. மற்ற வாத்தியங்கள் அதற்கு முன்பே ஓய்ந்துவிடும். செங்காட்டூரில் இதை விதியாக அச்சடித்து ஒட்டியவரே திவான்தான்.

ராஜாவின் பிறந்தநாள் தர்பாரில், பாண்டில் டிரம் அடிக்கிற சவுரிமுத்துவைக் கொடிமரத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்கள். தன் டிரம்மில் மூவர்ணத் துணி ஒன்றைச் சுற்றியிருந்ததுதான் அவன் செய்த குற்றம். அடித்து முடித்ததும் சலாம் மெட்டு வாசிக்கச் சொல்லி உத்தரவு. டிரம் இல்லாமலே வாசித்தார்கள். கரீமுல்லா ஊதிக்கொண்டே வந்தார். கொடிமரம் கண்ணெதிரே இருந்தது. கடைசிச் சுரத்துக்கு வந்ததும் கார்னெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். யோசித்துச் செய்ததில்லை. ஊதக் கூடாது என்று பட்டது, ஊதவில்லை.

ராஜா நின்றார், திவான் நின்றார், தர்பாரே வெயிலில் நின்றது. யாரும் உட்காரவில்லை, விதி அப்படி. கடைசியில் ராஜா மயங்கி விழுந்தார். விழுவது உட்காருவதில் சேருமா என்று திவான் நின்றபடியே ஆலோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், கரீமுல்லா வீட்டுக்குப் போய் மனைவி ஷாகிராவை அழைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டார். பின்னாலேயே திவானின் உத்தரவும் வந்து சேர்ந்தது. கரீமுல்லாவைப் பிடித்து வந்து முன்பற்களைப் பிடுங்கிவிட வேண்டும்.

கார்னெட்டுக்கு உதடு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்த உதட்டுக்குப் பின்னால் இருக்கிற பல். முன்பல் போன கார்னெட்காரன் ஊதினால் காற்றுதான் வரும். சென்னை மீர்சாகிப்பேட்டையில் தன் அக்காள் வீட்டு மாடியறையில் ஷாகிரா தினமும் அழுதாள்.

“சோத்தைக் கொழையவிட்டுப் போட்டுடுவேன், அது ஒண்ணும் இல்லீங்க. ஊதாம நீங்க எப்படி உசுரோட இருப்பீங்க? அதைச் சொல்லுங்க.”

கரீமுல்லா கமிட்டிக்கு மனுப் போட்டார். கமிட்டி மனுவை ஏற்றுக்கொண்டால் சென்னையிலேயே தங்கலாம். தள்ளிவிட்டால் சமஸ்தானப் போலீஸிடம் ஒப்படைப்பார்கள். கமிட்டியின் உத்தரவு வருகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. விதி இவ்வளவுதான்.

பங்களா வராந்தாவில் முதல் நாளே பழக்கமானவர் சேவகர் தனபாலன். அங்கே நடப்பது எல்லாம் தெரிந்தவர்.

“இன்னா நைனா, உடம்புல எங்கியாச்சும் காயம் கீதா?”

“இல்லீங்களே.”

“போச்சு. காயம் இல்லேன்னா, உன்னை ஆரும் ஒண்ணும் பண்ணலேன்னு தள்ளிப்புடுவாங்க.”

“காயம் இருந்தா ஒத்துக்குவாங்களா?”

“போன மாசம் ஒரு ஆளு கை ஒடிஞ்சு வந்தான். அரசியலுக்காக ஒடிச்சாங்கன்னு கையில எழுதியா கீதுன்னு கேட்டு அவனையும் தள்ளிட்டாங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருப்பேன்னு சொல்லிட்டாங்க. அவன் ஊட்ல பாத்ரூமே இல்லியாம், பாவம்.”

தனபாலன் பெஞ்சில் இடம் ஒதுக்கினார். பெஞ்சின் மறுகோடியில் பெரிய மீசையோடு ஒருவர் மடியில் தோல்பையை வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் செங்காட்டூர் சமஸ்தானத்து இன்ஸ்பெக்டர். மனு தள்ளுபடியானால் உடனே அழைத்துப்போக வசதியாக இருக்கட்டும் என்று கமிட்டியே அவருக்கு உட்கார இடமும் இரண்டு வேளை காபியும் கொடுத்திருந்தது.

உள்ளே மூவர் இருந்தார்கள். தலைவர் சந்திரமௌலி, மயிலாப்பூர்வாசி, ரிடையரான டிப்டி கலெக்டர். ராவ் பகதூர் பட்டத்தைப் போன மாதம்தான் பெயருக்கு முன்னாலிருந்து எடுத்திருந்தார். கதர்ச்சட்டை புத்தம்புதுசு, கழுத்தை அறுத்தது. அவருக்கு வலப்பக்கம் வக்கீல் சுப்பராமன். இடப்பக்கம் தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மாணிக்கவாசகம்; நெல்லைச் சீமைக்காரர். அவரை ஏன் கமிட்டியில் போட்டார்கள் என்று அவருக்கும் தெரியாது.

“உமக்கு அபிப்பிராயம் உண்டுன்னு சொல்றீர். அது எப்போ உண்டாச்சு?” என்று ஆரம்பித்தார் சந்திரமௌலி.

“கடைசிச் சுரத்துக்குக் கொஞ்சம் முந்திங்க.”

“அதுக்கு முந்தி?”

“வாசிச்சுக்கிட்டு இருந்தேங்க.”

“பேப்பர் படிக்கிற வழக்கம் உண்டோ?” என்று கேட்டார் சுப்பராமன்.

“எழுத்துக் கூட்டிப் படிப்பேங்க. அதிகம் வராது.”

சுப்பராமன் தலைவர் பக்கம் திரும்பினார். “பாருங்கோ. பேப்பர் படிக்கிறவனா இருந்தா, அது பேப்பரோட அபிப்பிராயம், இவரோடது இல்லேன்னு தள்ளிடலாம். படிக்காதவர்ங்கிறதாலே, இவருக்கு அபிப்பிராயம் வர வழியே இல்லேன்னு ஆறது. ரெண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கு. அழகான கேஸ்.”

தன் வாழ்க்கையில் எதையும் யாரும் அழகு என்று சொல்லிக் கேட்டிராத கரீமுல்லா, நல்லதுதான் நடக்கிறது போல என்று எண்ணிக் கும்பிட்டார்.

“சவுரிமுத்துவை அடிச்சாங்க ஐயா. அதைப் பார்த்துட்டு ஊத மனசு வரலே.”

“அது சிநேகம்” என்றார் சுப்பராமன். “சிநேகம் வேறே, அபிப்பிராயம் வேறே. சிநேகத்துக்கெல்லாம் அடைக்கலம் கொடுக்க ஆரம்பிச்சா ராஜதானி தாங்காது. சரி, இருந்ததுன்னே வெச்சுப்போம். அதை வெளியிலே காட்டுவானேன்? அபிப்பிராயம்கிறது மூக்குப்பொடி மாதிரி. டப்பியிலே இருக்கிற வரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை.”

தலைவருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“நான் சர்க்கார்லே முப்பது வருஷத்துக்கு மேலே இருந்தவன். எனக்கும் ஒரு தரம் அபிப்பிராயம் வந்தது, இல்லேங்கலே. ஒத்துழையாமை நடந்துண்டிருந்த சமயம். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. லீவு போட்டுட்டு ஆத்துல படுத்துண்டேன். மிளகு ரசம் சாப்பிட்டேன். மறுநாளே சரியாப் போயிடுத்து. மனுஷனுக்குக் கட்டுப்பாடு வேணும். இப்போ பாரும், தேசத்துக்குச் சேவை பண்ணிண்டிருக்கேன்.”

பல் பிடுங்கும் உத்தரவைக் கரீமுல்லா எடுத்துச் சொன்னார். தலைவர் வாயைத் திறக்கச் சொன்னார். மூவரும் மேஜையைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“எல்லாப் பல்லும் இருக்கே!” என்று சந்திரமௌலி ஏமாற்றத்தோடு சொன்னார். “பல்லு போனப்புறம் வந்திருந்தா ஆதாரம்னு ஒண்ணு இருந்திருக்கும். இப்போ எதை வெச்சு நம்பறது?”

“பல்லு போனப்புறம் நான் எதுக்குங்க வரணும்?” என்றார் கரீமுல்லா. அந்தக் கேள்வி விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது என்று சுப்பராமன் ஒதுக்கிவிட்டார்.

நடுநிலைமை வேண்டும் என்பதற்காக இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் நேர்மையான மனிதர். பையில் என்ன என்று கேட்டதும் திறந்து காட்டினார். உள்ளே ஒரு குறடு இருந்தது.

“இதாலேதான் பிடுங்கப் போறீரா?”

“ஆமாங்கய்யா. திவான் உத்தரவு.”

“துருப்பிடிச்சிருக்கோ?”

“இல்லீங்கய்யா. வாரா வாரம் எண்ணெய் போட்டுத் தொடைக்கிறேன்.”

தலைவருக்குத் திருப்தி. செங்காட்டூர் சமஸ்தானத்தில் பிரஜைகளுக்கு இலவசப் பல் வைத்திய வசதி இருப்பதாகவும், கருவிகள் சுகாதார முறைப்படி பராமரிக்கப்படுவதாகவும் பதிவு செய்யச் சொன்னார். மாணிக்கவாசகம் மட்டும் குறட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “நல்ல இரும்பு. இப்பம் இப்பிடி வாரதில்ல” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

கரீமுல்லாவின் பல்லைப் பிடுங்கப் போகிற கருவியை, அவரைக் காப்பாற்ற உட்கார்ந்திருக்கிறவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். சமஸ்தானமே தேவலை என்று அவருக்கு அப்போது தோன்றியது. அங்கே அடிப்பேன் என்று சொல்லிவிட்டு அடிக்கிறான்.

அடுத்து ஒரு நுணுக்கம் கிளம்பியது. கடைசிச் சுரத்தை வேண்டுமென்றேதான் விட்டாரா, அல்லது மூச்சு முட்டி விட்டுப்போயிற்றா? மூச்சு முட்டினால் அது ஆஸ்துமா; அடைக்கலத்தில் சேராது, ஆஸ்பத்திரியில் சேரும். ஆகவே மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் முதுகில் தட்டி, மார்பில் குழாய் வைத்துக் கேட்டு, எழுதிக் கொடுத்தார்: ‘நுரையீரல் குறையில்லை. அபிப்பிராயம் எதுவும் காதில் விழவில்லை.’

வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு சுப்பராமன் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

“மூச்சு இருக்கு, ஒத்துக்கறோம். வித்தை இருக்கோ? அந்த மெட்டே வாசிக்கத் தெரியாதவர், வாசிக்க மாட்டேன்னு சொன்னா அது எப்படி மறுப்பாகும்? எனக்குக் கூடத்தான் கார்னெட் வாசிக்கத் தெரியாது. அதுக்காக நான் புரட்சிக்காரனா?”

“இல்லவே இல்லை” என்றார் தலைவர், நண்பருக்கு ஆதரவாக.

“ஆகவே மனுதாரர் இப்போ இங்கே சலாம் மெட்டை முழுக்க வாசிச்சுக் காட்டணும்.”

கரீமுல்லாவுக்கு உயிர் வந்தது. இத்தனை நாளில் அவருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். துணிப்பையிலிருந்து கார்னெட்டை எடுத்தார். மாணிக்கவாசகம் மறுபடியும் விழித்துக்கொண்டார்.

“ஏயப்பா, முழுசும் பித்தளையா வே? எடை போட்டு எடுத்தீரோ, மொத்தமாவா?”

அப்போதுதான் தலைவர் சாவதானமாக ஒன்று சொன்னார். “ஒரு விஷயம் தெரிஞ்சுக்கும். முழுக்க வாசிச்சுட்டா, இந்த மெட்டை வாசிக்கிறதிலே உமக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லேன்னு கமிட்டி எடுத்துக்கும். மனு தள்ளுபடி. வாசிக்கலேன்னா, வித்தை இல்லேன்னு தள்ளுபடி. உம்ம இஷ்டம். கமிட்டி யாரையும் நிர்ப்பந்தப்படுத்தறதில்லே.”

கரீமுல்லா அவரையே பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தார். இல்லை, முகத்தில் அப்படி ஒரு கருணை. ஜன்னலுக்கு வெளியே இன்ஸ்பெக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொள்வது தெரிந்தது. கரீமுல்லா நாக்கால் தன் முன்பற்களை ஒரு தரம் தடவிக்கொண்டார். போகிற பல் கடைசியாக ஒரு நல்ல வாசிப்பு வாசித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார்.

ஊதினார்.

முதல் சுரம் கிளம்பியதுமே நாற்காலிகள் பின்னால் உராய்ந்தன. சந்திரமௌலி எழுந்து நின்றார். கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன, முகவாய் உள்ளே போயிற்று, வயிறும் முடிந்த மட்டும் போயிற்று. சுப்பராமன் எழுந்தார். மாணிக்கவாசகம் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எழுந்தார். வராந்தாவில் இன்ஸ்பெக்டர் பெஞ்சை விட்டுத் துள்ளி எழுந்து நெற்றியில் கைவைத்துச் சலாம் அடித்தபடி சிலையானார். எத்தனை கலெக்டர்கள், எத்தனை கவர்னர்களுக்கு எழுந்த முழங்கால்கள்! கதர் கட்டிவிட்டால் முழங்காலுக்குத் தெரியுமா?

ஊதிக்கொண்டே கரீமுல்லா இதைப் பார்த்தார். கொடிமரத்தையும் சவுரிமுத்துவின் முதுகையும் தவிர எல்லாம் அப்படியே அங்கே இருந்தது. திவானுக்குப் பயந்து ஓடிவந்து அவர் சேர்ந்த இடமும் ஒரு தர்பார்தான். இங்கே மூன்று திவான்கள். அவருக்குக் கோபம் வந்தது. செங்காட்டூரில் வராத கோபம் கோபாலபுரத்தில் வந்தது.

கடைசிச் சுரத்துக்கு வந்ததும் கார்னெட்டை வாயிலிருந்து எடுத்தார்.

மூவரும் நின்றார்கள்.

“ம்...?” என்றார் தலைவர், உதட்டை அசைக்காமல்.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே” என்றார் சுப்பராமன், நேரே பார்த்தபடி.

“இருக்குங்க” என்றார் கரீமுல்லா.

“வாசிச்சு முடிச்சுடும்.”

“மாட்டேங்க.”

தலைவர் கடைக்கண்ணால் சுப்பராமனைப் பார்த்தார். சுப்பராமன் கடைக்கண்ணால் மாணிக்கவாசகத்தைப் பார்த்தார். உட்கார்ந்தால் என்ன? ஒன்றுமில்லை. ஆனால் யார் முதலில் உட்காருவது? பழைய சர்க்கார் இன்னும் போகவில்லை, புதிய சர்க்கார் இன்னும் வரவில்லை. யாருக்கு மரியாதை குறைந்ததாக யார் எழுதிப் போடுவார்கள் என்று அந்த மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது. போதாததற்கு வெளியே ஒரு போலீஸ்காரன் சலாம் அடித்துக்கொண்டு நிற்கிறான். ஆகவே மூவரும் நின்றார்கள்.

“உட்காரும்படி... உத்தரவு போடலாமே” என்றார் சுப்பராமன்.

“நின்னுண்டு எப்படிய்யா உத்தரவு போடறது? கமிட்டி அமர்ந்து தீர்மானிக்கணும்னுதானே விதி!” என்றார் தலைவர்.

கரீமுல்லா கார்னெட்டைத் துடைத்துப் பையில் வைத்தார். கும்பிடவில்லை. வராந்தாவில் இன்ஸ்பெக்டர் நெற்றியில் கையும் கக்கத்தில் பையுமாக நின்றார். கரீமுல்லா பக்கத்தில் வந்தபோது அவர் விழிகள் மட்டும் உருண்டன.

“யோவ், முடிச்சுட்டுப் போய்யா. கை வலிக்குது.”

“பழகிடுங்க” என்று சொல்லிவிட்டு கரீமுல்லா படியிறங்கினார்.

மிச்சக் கதையைத் தனபாலன் மறுநாள் மீர்சாகிப்பேட்டைக்கே வந்து சொன்னார். “சாப்பாட்டு வேளை தாண்டியும் மூணு பேரும் அப்டியே நின்னுக்கினு கீறாங்க நைனா. ஒருத்தரு குந்துவாருன்னு ஒருத்தரு பாத்துக்கினு. எனுக்கே பாவமாப் பூட்ச்சு. எவர்சில்வர் கூஜாவை வேணும்னே தொப்புனு கீழ போட்டேன். ‘டங்’குன்னுச்சா? அதான் கடைசிச் சுரம்னு தலைவரு குந்திக்கினாரு. உடனே எல்லாரும் குந்திக்கினாங்க. கூட்டத்தை ஒத்திவெச்சாச்சு.”

ஷாகிரா பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

ஒத்திவைத்த கமிட்டி சாமானியமாகக் கூடுமா? சந்திரமௌலிக்குக் கால்வீக்கம். சுப்பராமனுக்கு இடுப்புப் பிடிப்பு. ஆகஸ்ட் வந்தது, கொடி ஏறியது. மறு வருஷம் செங்காட்டூர் சமஸ்தானம் மாகாணத்தோடு சேர்க்கப்பட்டு, பெயர் கூட ஒரு ரயில் நிலையப் பலகையில்தான் மிஞ்சியது. கரீமுல்லா மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கம் கல்யாண ஊர்வலங்களுக்கு ஊதிச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். சவுரிமுத்துவும் வந்து சேர்ந்துகொண்டான்.

அப்புறம் ஒரு நாள் தனபாலன் உத்தரவோடு வந்தார். கமிட்டி இன்னும் கலையாமல்தான் இருந்தது. அகதிகளை விசாரிக்கிற கமிட்டிக்கு அகதி இருந்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தனபாலன் எழுத்துக்கூட்டி வாசித்தார்:

‘மனுதாரர் கடைசிச் சுரத்தை வேண்டுமென்றே விட்டு, கமிட்டியை நிற்கவைத்ததிலிருந்து, அவருக்கு அரசியல் அபிப்பிராயம் உண்டு என்பது ஐயமற நிரூபணமாகிறது. ஆனால் கமிட்டி தன் கண்ணால் கண்ட அந்த அபிப்பிராயம் சமஸ்தானத்துக்கு விரோதமானது அல்ல. இந்தக் கமிட்டிக்கு விரோதமானது. ஆகவே சமஸ்தானத்தில் அவருக்கு எவ்வித ஆபத்தும் இல்லை. மனு தள்ளுபடி. கமிட்டியிடமிருந்து தப்ப அடைக்கலம் தேவைப்பட்டால், மனுதாரர் செங்காட்டூர் சமஸ்தானத்தில் மனுச் செய்துகொள்ளலாம்.’

“கீழே கையெழுத்து ஆருன்னு பாரு” என்றார் தனபாலன். “பளைய தலைவரு காலு வீங்கிப் பூட்டாருல்ல? அந்த எடத்துக்குப் புச்சா வந்துகீறாரு. அடையாறுல பங்களா வாங்கிக்கினு, கதரு கட்டிக்கினு... உங்க ஊரு திவானாமே? அகதிங்களைப் பத்தி அவருக்கு அத்துப்படின்னு சர்க்காரு போட்டுகீது.”

கரீமுல்லா காகிதத்தை மடித்து, கார்னெட்டின் வாய்க்குள் துணி அடைத்துத் துடைப்பாரே, அந்தத் துணியோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

அன்று மாலை லஸ் பக்கம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. சவுரிமுத்து டிரம்மை மாட்டிக்கொண்டான். சந்தனமும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு வந்த கல்யாணத்துப் பெரியவர், “அடையாறு திவான் வரார். சலாம் மெட்டு ஒண்ணு வாசிச்சுடுங்கோ, சம்பிரதாயமா இருக்கும்” என்றார்.

“பேஷா வாசிக்கிறேங்க” என்று சொல்லி கரீமுல்லா பல் தெரியச் சிரித்தார். முன்பல் ஒன்றும் குறையவில்லை. அந்தக் கடைசிச் சுரமும் பத்திரமாக அவரிடம்தான் இருந்தது.